எண் மாறாத திரை: மொபைல் செயலியில் புதுப்பிக்கப்படாத கட்டுப்பாடுகளைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் நவம்பர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம். பறித்த பழத்தை மாலையில் தராசில் நிறுத்து, அவரவர் பெயருக்கு நேராக எடையைப் பதிவது மேஸ்திரியின் பொறுப்பு. கிலோ கணக்கில் கூலி தரும் தோட்டத்தில் அந்தப் பதிவுதான் ஒருவருடைய அன்றைய வருமானம். நோட்டுப் புத்தகத்தில் நடந்துவந்த இவ்வேலையைச் செய்யும் மொபைல் செயலி ஒன்றையே இந்த வழிகாட்டி முழுவதற்கும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதன் திரையில் பறித்தவரின் பெயர், புளூடூத் தராசிலிருந்து வரும் நேரடி எடை, ‘சேமி’ என்ற பொத்தான், அன்றைய பதிவுகளின் பட்டியல், மொத்தக் கிலோ, சேலத்திலுள்ள அலுவலகச் சர்வருக்குத் தகவல் சென்றுவிட்டதா என்று காட்டும் குறி ஆகிய கட்டுப்பாடுகள், அதாவது திரைக் கூறுகள், இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

மேஸ்திரி ‘சேமி’யை அழுத்துகிறார், மொத்தக் கிலோ மாறவில்லை. அவர் மீண்டும் அழுத்தினால் ஒரே மூட்டை இரண்டு முறை பதிவாகிறது. பதிவாகியிருக்கும் என்று நம்பி அடுத்தவரை அழைத்தால், உண்மையில் பதிவாகாமல் போயிருக்கவும் கூடும். இரண்டில் எது நடந்தாலும் ஒருவருடைய கூலிக் கணக்கு தவறிவிடுகிறது. ஆகவே திரை புதுப்பிக்கப்படாமை என்பதைத் தோற்றக் குறையாக வகைப்படுத்தி, வேலைப் பட்டியலின் அடியில் போட்டுவைப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய பிழை வந்தவுடன் பலரும் செய்வது, பட்டியல் முழுவதையும் திரும்ப வரையச் சொல்லும் ஒரு வரியைச் சேர்ப்பதுதான். அதனால் அறிகுறி மறையலாம். காரணம் அப்படியே இருந்து, அடுத்த திரையில் வேறு வடிவத்தில் வெளிப்படும். விரல் பட்டது முதல் எண் மாறுவது வரை நான்கு கட்டங்கள் உள்ளன. தொடுகை உரிய செயற்கூற்றை (ஃபங்க்ஷன்) அடைய வேண்டும். அச்செயற்கூறு தரவை மாற்ற வேண்டும். தரவு மாறிய செய்தி, அதற்காகக் காத்திருக்கும் திரையைச் சென்றடைய வேண்டும். அத்திரை புதிய எண்ணைக் கண்ணில் படும்படி வரைய வேண்டும். எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பதை உறுதிசெய்துகொள்ளும் வரை நிரலில் ஒரு வரியையும் திருத்தாமல் இருப்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை.

முதல் படி: அறிகுறியைத் துல்லியமாக எழுதிக்கொள்ளுதல்

‘அப்டேட் ஆகவில்லை’ என்ற புகாரில் பயன்படத்தக்க தகவல் மிகக் குறைவு. எப்போது சரியாகிறது என்று கேட்டால்தான் காரணம் நெருங்கி வரும். ஆண்ட்ராய்டு கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பியவுடன் மொத்தம் சரியாகிறது என்றால், இயல்பான அமைப்பில் அந்தச் செயலியின் ஆக்டிவிட்டி, அதாவது திரையைத் தாங்கும் பகுதி, புதிதாக உருவாக்கப்பட்டுத் தரவைத் திரும்ப வாசித்திருக்கிறது. அதாவது நினைவகத்திலுள்ள தரவு சரியாகவே இருந்தது, மாறிய செய்திதான் திரைக்கு வரவில்லை. பட்டியலை மேலும் கீழும் உருட்டினால் சரியாகிறது என்றால், வரிசையை வரையும் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். செயலியை முற்றிலும் மூடித் திறந்தால்தான் சரியாகிறது என்றால், தரவுத்தளத்தில் பதிவு ஏறியிருக்கிறது, நினைவகத்திலுள்ள நகல் பழையதாக நின்றுவிட்டது. மூடித் திறந்தும் சரியாகாவிட்டால் அது திரையின் பிழையே அன்று, தரவே சேமிக்கப்படவில்லை. அடுத்த பதிவைப் போட்டவுடன் முந்தைய பதிவும் சேர்ந்து தோன்றுகிறது என்றால் செய்தி ஒரு சுற்றுப் பின்தங்கி வருகிறது. தரவு மாறுவதற்கு முன்பே அறிவிப்பை அனுப்பிவிடும் நிரலில் இது வழக்கமாகக் காணப்படும்.

இவற்றோடு, எந்தப் பதிப்பில், எந்தக் கருவியில், சிக்னல் இருந்தபோதா இல்லாதபோதா, முதல் பதிவிலேயா பின்னரா என்பனவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிழையை விரும்பியபோது வரவழைக்க முடியாத நிலையில் திருத்தத்தைத் தொடங்கினால், திருத்தம் பலித்ததா என்று அறியவும் வழியிருக்காது.

இரண்டாம் படி: பாதையை நடுவில் வெட்டிப் பார்த்தல்

தொடக்கத்திலிருந்து வரிவரியாகப் பின்தொடர்வதைவிட, மூன்றாம் கட்டத்தில், அதாவது திரை செய்தியைப் பெறும் இடத்தில், இயங்கும்போது மதிப்பை எழுதிக்காட்டும் ஒரு லாக் வரியைப் போடுவது விரைவானது. பொத்தானை அழுத்தியபின் அந்த வரி புதிய எண்ணோடு அச்சானால், பிழை வரையும் பகுதியில் இருக்கிறது. அச்சாகவே இல்லை என்றால் பிழை அதற்கு முன்னால் இருக்கிறது. பழைய எண்ணோடு அச்சானால் தரவு மாறவில்லை, அல்லது வேறொரு நகலை வாசிக்கிறோம். இந்த ஒரு வரி, தேட வேண்டிய இடத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும்.

லாக்கில் மதிப்பை மட்டும் எழுதினால் போதாது. நேரம், எந்த த்ரெட்டில் (நிரல் ஓடும் தனி இழையில்) இயங்குகிறது, தரவை வைத்திருக்கும் பொருளின் (ஆப்ஜெக்ட்) அடையாள எண் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பின்வரும் படிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு விடை இம்மூன்றிலேயே இருக்கும். பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்திப் பார்ப்பது பல பிழைகளுக்கு ஏற்றதுதான். ஆனால் நேரத்தைச் சார்ந்த பிழைகளில், நிரலை நிறுத்துவதே நிகழ்வுகளின் வரிசையை மாற்றிவிடுவதால், அங்கே லாக்கையே நம்ப வேண்டும்.

முதல் கட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தொடுகை செயற்கூற்றை அடையவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத வேறொரு வியூ (திரையில் வரையப்படும் கூறு) பொத்தானின் மீது விரிந்திருக்கிறதா, பொத்தான் முடக்கப்பட்ட நிலையில் உள்ளதா என்று பாருங்கள். திரைகளை எழுத உதவும் கட்டமைப்புகளான ஜெட்பேக் கம்போஸிலும் (ஆண்ட்ராய்டு) ரியாக்ட் நேட்டிவிலும் (ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டும்) தேர்வுப்பெட்டி, ஸ்லைடர், எழுத்துப் பெட்டி போன்றவை தமக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பையே காட்டும். மாற்றத்தைக் கேட்கும் செயற்கூறு புதிய மதிப்பை நிலையில் (ஸ்டேட், அதாவது திரை நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) எழுதாவிட்டால், பயனர் எத்தனை முறை தொட்டாலும் பெட்டி பழையபடியே நிற்கும். அதைக் கட்டுப்பாட்டின் பழுதாக எண்ணி வேறு நூலகத்தைத் தேடத் தேவையில்லை.

மூன்றாம் படி: மதிப்பு மாறியதா, பொருள் மாறியதா

இன்றைய செயலிகளில் மிகுதியான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. ஆகவே இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். புதிய கட்டமைப்புகள் ‘ஏதோ மாறியது’ என்று நாம் சொல்வதை அப்படியே ஏற்பதில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டுமே திரையை எழுப்புகின்றன. ஒப்பிடும் முறை ஒவ்வொன்றிலும் வேறு.

ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் கோட்லின் மொழியில், மாறும் மதிப்பை வைத்துக் கேட்பவர்களுக்கு அறிவிக்கும் ஸ்டேட்ஃப்ளோ, புதிய மதிப்பு பழையதற்குச் சமமாக இருந்தால் கேட்பவர்களுக்கு எதையும் அனுப்பாது. பதிவுகளின் பட்டியலில் ஒன்றைச் சேர்த்துவிட்டு அதே பட்டியலை மீண்டும் ஸ்டேட்ஃப்ளோவில் இட்டால், இரண்டும் ஒரே பொருள் என்பதால் அறிவிப்பு எழாது. கம்போஸில் மியூட்டபிள்ஸ்டேட்ஆஃப் என்பதற்குள் சாதாரண மாற்றத்தகு பட்டியலை வைத்து அதில் சேர்த்தாலும் இதே விளைவுதான். அங்கே மியூட்டபிள்ஸ்டேட்லிஸ்ட்ஆஃப் என்பதையோ, ஒவ்வொரு முறையும் புதிய பட்டியலையோ பயன்படுத்த வேண்டும். ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸுக்கும் பொதுவான கட்டமைப்பான ஃப்ளட்டரின் வேல்யூநோட்டிஃபையரும் சமமான மதிப்பைப் புறக்கணிக்கும். ரியாக்ட் நேட்டிவில் யூஸ்ஸ்டேட், அதே பொருளைத் திரும்பக் கொடுத்தால் மறுபடியும் வரையாது.

ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்யும் லைவ்டேட்டா இவற்றிலிருந்து வேறுபடுகிறது. அது சமத்துவத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பைப் பெற்றவர் பட்டியலை வரையும் லிஸ்ட்அடாப்டரின் சப்மிட்லிஸ்ட்டுக்கு அதே பட்டியலைக் கொடுத்தால், அடாப்டர் ‘இது என்னிடம் உள்ளதுதான்’ என்று கண்டு ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். லாக்கில் அறிவிப்பு வந்திருக்கும், புதிய எண்ணும் இருக்கும், திரை மட்டும் அசையாது. காரணம் புரியாமல் பலர் நாள்கணக்கில் திணறுவது இந்த இடத்தில்தான்.

இதைவிட நுட்பமான வடிவம் ஒன்று உண்டு. பட்டியலைப் புதிதாக நகலெடுத்துவிட்டோம், ஆனால் அதனுள் இருக்கும் பதிவுப் பொருளின் எடையை அதே இடத்தில் மாற்றினோம் என்று கொள்ளுங்கள். பட்டியல்கள் இரண்டு; உள்ளிருக்கும் பொருள் ஒன்றே. பட்டியல்களின் வேறுபாட்டைக் கண்டறியும் டிஃப்யூட்டில், பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிடும்போது ஒரே பொருளை அதனுடனேயே ஒப்பிடுகிறது. இயல்பாகவே ‘மாற்றமில்லை’ என்ற விடை வருகிறது. ஸ்டேட்ஃப்ளோவும் பட்டியலின் உறுப்புகளை ஒப்பிட்டு இதே முடிவுக்கு வரும். மாறிய பதிவையும் புதிய பொருளாக உருவாக்குவதே தீர்வு. கோட்லின் டேட்டா கிளாஸின் காப்பி என்ற செயற்கூறு இதற்கென்றே இருக்கிறது. புலங்களை மாற்ற முடியாதவையாக அறிவித்துவிட்டால், இடத்திலேயே மாற்றும் தவறைத் தொகுப்பியே (கம்பைலர்) தடுத்துவிடும்.

சமத்துவத்தை நாமே வரையறுக்கும் இடத்திலும் இப்பிழை புகும். பதிவின் அடையாள எண் ஒன்றானால் இரண்டும் சமம் என்று எழுதிவிட்டால், எடை 12.5 கிலோவிலிருந்து 21.5 ஆகத் திருத்தப்பட்டாலும் அவை சமமாகவே கருதப்படும். ஃப்ளட்டரில் ப்ளாக் என்ற நிலை மேலாண்மை நூலகத்துடன், சமத்துவத்தை வரையறுக்க உதவும் ஈக்வேட்டபிளைப் பயன்படுத்துவோர், ஒப்பிடவேண்டிய புலங்களின் பட்டியலில் புதிதாகச் சேர்த்த புலத்தை இட மறந்தால் நேர்வதும் இதுவே.

எடைப்பதிவுச் செயலியில் இதன் மிக ஆபத்தான முகத்தைக் காணலாம். ஒருவர் கொண்டுவந்த இரண்டு மூட்டைகளும் சரியாக 12.5 கிலோ இருக்கின்றன. ‘கடைசியாக நிறுத்த எடை’ என்பதை ஸ்டேட்ஃப்ளோவில் வைத்து, அது மாறும்போதெல்லாம் ஒரு பதிவு சேர்ப்பதாக நிரல் எழுதப்பட்டிருந்தால், இரண்டாவது 12.5 வந்ததே தெரியாமல் போகும். நிலை வேறு, நிகழ்வு வேறு. ‘இப்போது தராசு காட்டும் எண்’ நிலை. ‘ஒரு மூட்டை நிறுக்கப்பட்டது’ நிகழ்வு. நிகழ்வுகளை ஷேர்டுஃப்ளோ அல்லது சேனல் வழியாக அனுப்ப வேண்டும்; அல்லது ஒவ்வொரு நிறுவைக்கும் தனி அடையாள எண்ணைத் தந்து, நேராகத் தரவுத்தளத்தில் எழுதிவிட வேண்டும். நான் பின்னதையே பரிந்துரைப்பேன். திரை மூடப்பட்டிருந்தாலும் கூலிக் கணக்கு தவறாது.

நான்காம் படி: யார் சொல்கிறார், யார் கேட்கிறார்

பொருள் புதியதாகவே இருந்தும் செய்தி வரவில்லை என்றால் அறிவிப்பைப் பாருங்கள். ஃப்ளட்டரில் செட்ஸ்டேட்டுக்கு வெளியே மாறியை மாற்றுவது, சேஞ்ச்நோட்டிஃபையரில் நோட்டிஃபைலிசனர்ஸை அழைக்காமல் விடுவது, ப்ரொவைடரில் வாட்ச் என்று எழுதவேண்டிய இடத்தில் ரீட் என்று எழுதுவது ஆகியவை எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. ஃப்ளட்டரின் உரையாடல் பெட்டியும் கீழிருந்து எழும் தாளும் தனி ரூட்டில் (பக்கத்தின் மேல் அடுக்கப்படும் தனிப் பக்கமாக) வாழ்கின்றன. ஆகவே பக்கத்தின் செட்ஸ்டேட் அவற்றைத் திரும்ப வரையாது. எடையைத் திருத்தும் பெட்டிக்குள் எண் மாறவேண்டுமானால், அப்பெட்டிக்குள் ஸ்டேட்ஃபுல்பில்டர் ஒன்றை வைத்து, அதன் செட்ஸ்டேட்டை அழைக்க வேண்டும்.

ஆப்பிளின் திரைக் கட்டமைப்பான ஸ்விஃப்ட்யூஐயில், மாற்றத்தை அறிவிக்கும் அப்சர்வபிள்ஆப்ஜெக்ட் ஒன்றிற்குள் மற்றோர் அப்சர்வபிள்ஆப்ஜெக்ட் இருந்தால், உள்ளே நிகழும் மாற்றம் வெளியிலிருப்பதைக் கவனிக்கும் திரைக்குத் தானாக எட்டாது. உள் பொருளைத் தனி வியூவுக்குக் கொடுத்து அங்கே கவனிக்கச் செய்யலாம். ஐஓஎஸ் 17 முதல் கிடைக்கும் அப்சர்வபிள் மேக்ரோவுக்கு மாறுவது இன்னும் தெளிவான வழி. எந்தப் புலம் மாறியதால் திரை வரையப்பட்டது என்று அறிய, வியூவின் பாடிக்குள் ‘பிரிண்ட்சேஞ்சஸ்’ செயற்கூற்றைத் தற்காலிகமாக அழைத்துப் பார்க்கலாம்.

இவற்றைவிட அதிகமாகக் காலத்தை விழுங்குவது, ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருப்பது. எடைப்பதிவுத் திரை ஒரு வியூமாடலில் (திரைக்கான தரவை வைத்திருக்கும் பொருள்) எழுதுகிறது. மொத்தம் காட்டும் திரை இன்னொரு வியூமாடலை வாசிக்கிறது. ஆண்ட்ராய்டில் இரு ஃப்ராக்மென்ட்களும் (ஆக்டிவிட்டிக்குள் இருக்கும் திரைப் பகுதிகள்) தத்தமக்கென வியூமாடலைக் கேட்டால் இரண்டு தனிப் பொருள்கள் கிடைக்கும்; பகிர வேண்டுமானால் ஆக்டிவிட்டி அளவிலோ நேவிகேஷன் கிராஃப் அளவிலோ கேட்க வேண்டும். ஸ்விஃப்ட்யூஐயில் வியூவே உருவாக்கும் பொருளை அப்சர்வ்டுஆப்ஜெக்ட் என்று அறிவித்தால், பெற்றோர் வியூ (அதை உள்ளடக்கிய வெளி வியூ) திரும்ப வரையப்படும்போது அது புதிதாகப் பிறந்து, பழைய எண்கள் மறைந்துவிடும். 2020-இல் ஐஓஎஸ் 14-உடன் வந்த ஸ்டேட்ஆப்ஜெக்ட் இதற்கான விடை. இரண்டாம் படியில் அடையாள எண்ணை லாக்கில் எழுதச் சொன்னதன் பயன் இங்கே கிடைக்கும்: எழுதுமிடத்திலும் வாசிக்குமிடத்திலும் எண்கள் வேறுபட்டால் தேடல் முடிந்தது.

ஐந்தாம் படி: நகலெடுத்து வைத்த மதிப்பு

பெற்றோர் வியூவிடமிருந்து வந்த மதிப்பைக் குழந்தை வியூ தன் சொந்த நிலையில் நகலெடுத்து வைத்துக்கொண்டால், பெற்றோர் பின்னர் மாறினாலும் குழந்தை பழையதையே காட்டும். ஃப்ளட்டரில் இனிட்ஸ்டேட்டிலும், ரியாக்ட்டில் யூஸ்ஸ்டேட்டின் தொடக்க மதிப்பிலும், ஸ்விஃப்ட்யூஐயில் ஸ்டேட்டின் தொடக்கத்திலும், கம்போஸில் சாவியின்றி (எது மாறினால் புதுப்பிக்க வேண்டும் என்ற குறிப்பின்றி) எழுதிய ரிமெம்பரிலும் இது ஒரேபோல நிகழ்கிறது. அந்த இடங்கள் யாவும் முதல் முறை மட்டுமே மதிப்பை எடுத்துக்கொள்ளும். மேஸ்திரி பட்டியலில் வேறொருவரின் பெயரைத் தொட்டபின்னும் முந்தையவரின் மொத்தமே நிற்கிறது என்ற புகார் வந்தால், முதலில் இதைத்தான் பார்ப்பேன். நகலை நீக்கி மதிப்பை நேரடியாக வாசிப்பது முதல் தீர்வு. நகல் தேவையே என்றால், ஃப்ளட்டரில் டிட்அப்டேட்விட்ஜெட், கம்போஸில் ரிமெம்பருக்குப் பதிவின் அடையாள எண்ணைச் சாவியாகத் தருதல் போன்றவற்றைக் கையாளுங்கள்.

ஆறாம் படி: கேட்பவர் உயிரோடு இருக்கிறாரா

லைவ்டேட்டா, ஸ்டார்ட்டட் நிலைக்குக் கீழே உள்ள, அதாவது கண்ணில் தெரியாத, திரைக்கு எதையும் அனுப்பாது. திரை திரும்ப வரும்போது கடைசி மதிப்பைத் தரும். இது நன்மையே. ஆனால் ஃப்ராக்மென்ட்டில், அதன் வியூவின் ஆயுளைக் குறிக்கும் வியூலைஃப்சைக்கிள்ஓனருக்குப் பதிலாக ஃப்ராக்மென்ட்டையே உரிமையாளராகத் தந்தால், திரும்பி வரும்போது பழைய கேட்பவர்களும் தொடர்ந்து இருந்து, அழிந்துபோன வியூவில் எழுதிக்கொண்டிருப்பார்கள். தரவைத் திரையோடு நேராக இணைக்கும் டேட்டாபைண்டிங்கைப் பயன்படுத்துவோர் பைண்டிங்கின் லைஃப்சைக்கிள்ஓனரைக் குறிப்பிட மறந்தால், லைவ்டேட்டாவின் பிந்தைய மாற்றங்கள் எதுவுமே திரைக்கு வாரா, பிழைச்செய்தியும் இராது.

ரியாக்ட் நேட்டிவில் யூஸ்எஃபெக்ட்டின் சார்புப் பட்டியலை (எவை மாறினால் அது திரும்ப ஓட வேண்டும் என்பது) காலியாக விட்டு, உள்ளே எடை வந்ததும் அழைக்கப்படும் தராசின் கால்பேக்கைப் பதிவு செய்தால், அந்தக் கால்பேக் முதல் முறை கண்ட மொத்தத்தையே என்றென்றும் கண்டுகொண்டிருக்கும். ஒவ்வொரு மூட்டையும் பூஜ்யத்தோடு கூட்டப்பட்டு, மொத்தம் எப்போதும் கடைசி மூட்டையின் எடையாகவே தோன்றும். முந்தைய மதிப்பைப் பெற்று அடுத்ததைத் தரும் செயற்கூற்று வடிவில் நிலையை மாற்றுவது இதைத் தீர்க்கும்.

ஏழாம் படி: எந்த த்ரெட்டில்

ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸிலும் திரையை மெயின் த்ரெட்டிலிருந்துதான் தொட வேண்டும். ஆண்ட்ராய்டில் மீறினால் பெரும்பாலும் விதிவிலக்கு (எக்செப்ஷன்) எறியப்படும். ஆனால் எல்லாவற்றையும் பிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாத ட்ரை-கேட்ச் சுற்றியிருந்தால், செயலி விழாது, திரையும் மாறாது. இத்தகைய ஊமைப் பிடிப்புகளைத் தேடி, குறைந்தது லாக் எழுதவாவது செய்யுங்கள். ஐஓஎஸில் சில விநாடிகள் கழித்துத் திரை தானாக மாறுவது இதன் அடையாளம். 2017-இல் ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடு 9-உடன் வந்த மெயின் த்ரெட் செக்கர், மீறல் நடக்கும் வரியை ஊதா நிறத்தில் காட்டித்தரும்.

நம் எடுத்துக்காட்டில் புளூடூத் தராசு இருப்பதால் இது நேரடியாகப் பொருந்துகிறது. ஆண்ட்ராய்டில் புளூடூத் காட் (தராசு போன்ற கருவிகளோடு தகவல் பரிமாறும் முறை) கால்பேக்குகள் இயல்பாகப் பின்னணி த்ரெட் ஒன்றிலேயே வரும். அங்கிருந்து லைவ்டேட்டாவின் போஸ்ட்வேல்யூவை அழைப்பது சரிதான். ஆனால் மெயின் த்ரெட்டுக்கு ஓய்வு கிடைப்பதற்குள் பல முறை அழைத்தால் கடைசி மதிப்பு மட்டுமே சென்றடையும். தராசின் ஆடும் எண்ணைக் காட்ட அது போதும். நிறுத்து முடிந்த மூட்டைகளை அவ்வழியே அனுப்பினால் நடுவில் சில காணாமற்போகும். மூன்றாம் படியில் கூறிய நிலை, நிகழ்வு வேறுபாடு இங்கும் பொருந்துகிறது.

மெயின் த்ரெட்டில் இருப்பதே பிழையாகும் சூழலும் உண்டு. ‘சேமிக்கிறது’ என்று பொத்தானில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதே த்ரெட்டில் கனமான கணக்கைத் தொடங்கினால், அந்த எழுத்து வரையப்பட வாய்ப்பே கிடைப்பதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்குரிய நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி, நம் செயற்கூறு முடிந்தால்தான் அடுத்த சட்டகம் வரையப்படும். பயனர் காண்பது உறைந்த திரையையும், பின்னர் திடீரெனத் தோன்றும் ‘சேமிக்கப்பட்டது’ என்பதையும் மட்டுமே. ஆண்ட்ராய்டு, தொடுகைக்கு 5 விநாடி விடை வராவிட்டால் செயலி பதிலளிக்கவில்லை என்றே அறிவித்துவிடும். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் அசிங்க் என்று எழுதினால் வேறு த்ரெட் உருவாகிவிடும் என்று எண்ணுவோர் உளர்; அது தவறு. கனமான கணக்கைத் தனி ஐசொலேட்டுக்கு (டார்ட்டில் தனி த்ரெட் போன்றது) அனுப்பினால்தான் திரை விடுபடும்.

எட்டாம் படி: உருளும் பட்டியல்

உருளும் பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூவும் (ஆண்ட்ராய்டு) யூஐடேபிள்வியூவும் (ஐஓஎஸ்) திரைக்கு வெளியே சென்ற வரிசையின் வியூவை வேறொரு பதிவுக்குத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஆகவே ஒரு வரிசையை நிரப்பும்போது, நிபந்தனை பொருந்தினால் பச்சைக் குறியைக் காட்டு என்று எழுதினால் போதாது. பொருந்தாவிட்டால் மறை என்பதையும் எழுத வேண்டும். தேர்வுப்பெட்டிக்கு மதிப்பை இடுவதற்கு முன் அதன் பழைய லிசனரை (மாற்றத்தைக் கேட்கும் செயற்கூறு) நீக்குங்கள். இல்லாவிட்டால் மறுபயன்பாட்டின்போது முந்தைய பதிவின் லிசனர் ஓடி, தவறான ஆளின் தரவை மாற்றிவிடும். ஃப்ளட்டரிலும் ரியாக்ட்டிலும் கம்போஸிலும் வரிசைக்குரிய சாவியாகப் பட்டியலில் உள்ள இட எண்ணைத் தராமல், பதிவின் நிலையான அடையாள எண்ணைத் தர வேண்டும். ரியாக்ட் நேட்டிவின் ஃப்ளாட்லிஸ்ட், தரவுக்கு வெளியே உள்ள தேர்வு நிலையைப் பொறுத்து வரிசைகள் மாற வேண்டுமானால், அதை எக்ஸ்ட்ராடேட்டாவில் கொடுத்தாக வேண்டும்.

ஒன்பதாம் படி: மாறியும் கண்ணில் படாதவை

தரவும் அறிவிப்பும் சரியாக இருந்து, வரையும் செயற்கூறும் ஓடியிருந்தால், எண் உண்மையில் மாறியிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கான எடைச் செயலி ஒன்றில் கிராமை இரண்டு தசம இடங்களுக்கு மட்டும் காட்டினால், 48.252 என்பது 48.254 ஆனாலும் திரையில் 48.25 என்றே நிற்கும். அங்கே பிழை வடிவமைப்புச் சரத்தில் (எண்ணை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பில்) இருக்கிறது. நிலை மேலாண்மையைத் தோண்டுவது வீண்.

தமிழ் இடைமுகம் எழுதுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘ஸிங்க்’ என்ற சிறு சொல்லுக்கு அளவெடுத்த இடத்தில் ‘ஒத்திசைக்கப்படுகிறது’ என்று இட்டால், அருகிலுள்ள எண் திரைக்கு வெளியே தள்ளப்படும் அல்லது வெட்டுப்படும். உயரத்தை நிலையான அளவில் கட்டிவைத்தால் மேலே எழும் இகரக் குறியும் கீழே இறங்கும் உகர வளைவும் அறுபடும். உயரத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரிய விடுவதும், அமைப்புகளில் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் இதை முன்கூட்டியே காட்டித்தரும்.

சொந்தமாக வரையும் வியூக்களில், ஆண்ட்ராய்டின் இன்வாலிடேட் தோற்றத்தை மட்டுமே புதுப்பிக்கும். அளவு மாறினால் ரிக்வெஸ்ட்லேஅவுட்டையும் அழைக்க வேண்டும். ஐஓஎஸில் செட்நீட்ஸ்டிஸ்ப்ளே, செட்நீட்ஸ்லேஅவுட் ஆகியவற்றுக்கிடையே இதே வேறுபாடு. எந்த வியூ எங்கே நிற்கிறது என்பதை ஊகிக்காமல், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் லேஅவுட் இன்ஸ்பெக்டரிலோ, எக்ஸ்கோடின் வியூ டீபக்கரிலோ, ஃப்ளட்டர் இன்ஸ்பெக்டரிலோ திறந்து பாருங்கள். கம்போஸில் ஒவ்வொரு பகுதியும் எத்தனை முறை திரும்ப வரையப்பட்டது என்ற எண்ணையும் லேஅவுட் இன்ஸ்பெக்டர் தருகிறது. பூஜ்யம் என்றால் செய்தி வரவில்லை, எண் ஏறினால் செய்தி வந்தது.

பத்தாம் படி: மலையில் நடப்பதை மேசையில் வரவழைத்தல்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், அதற்கப்பால் தோட்டங்களுக்குள்ளும் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் என்று கருதியே செயலியை எழுத வேண்டும். திரை சர்வரின் விடைக்காகக் காத்திருந்தால், சிக்னல் இல்லாதபோது மொத்தம் மாறாது. மேஸ்திரிக்கு அது பழுதான செயலியே. கைபேசியிலுள்ள தரவுத்தளத்தில் உடனே எழுதி, திரை அதை மட்டுமே கவனித்து, சர்வருக்கு அனுப்புவது பின்னணியில் தனியாக நடப்பதே ஏற்ற அமைப்பு.

அவ்வாறு அமைத்தபின் ஆண்ட்ராய்டின் தரவுத்தள நூலகமான ரூமில் ஒரு பொறி இருக்கிறது. ஃப்ளோ வழியே கவனிக்கும் திரைக்கு, அதே ரூம் பொருளின் வழியாக நிகழும் மாற்றங்களே தெரியும். பின்னணி வேலை தனக்கென மற்றொரு ரூம் பொருளை உருவாக்கி ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதினால், தரவுத்தளத்தில் குறி மாறியிருக்கும், திரையில் மாறாது. செயலி முழுவதற்கும் ஒரே பொருளைப் பகிருங்கள். வேறு பிராசஸில் எழுதுவது தவிர்க்க முடியாததானால் மல்டிஇன்ஸ்டன்ஸ் இன்வாலிடேஷன் என்ற அமைப்பை இயக்குங்கள்.

இவற்றைச் சோதிக்க மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே விமானப் பயன்முறையை இயக்கி அணையுங்கள். டெவலப்பர் விருப்பங்களில் ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ என்ற அமைப்பை இயக்கி, வேறு செயலிக்குச் சென்று திரும்புங்கள்.

பதினோராம் படி: திருத்தமும் சோதனையும்

அறுந்த இடம் தெரிந்தபின் அந்த இடத்தில் மட்டும் திருத்துங்கள். பட்டியல் முழுவதையும் திரும்ப வரையச் சொல்லும் நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்டு, ஒவ்வொரு முறையும் புதிய சாவி தந்து வியூவை அழித்துப் பிறப்பித்தல், சில நூறு மில்லிவிநாடி காத்திருந்து மீண்டும் வரைதல் ஆகியவற்றைத் தீர்வாக ஏற்காதீர்கள். அவற்றால் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விசைப்பலகை மூடிக்கொள்ளும், உருட்டிய இடம் தொலையும், மெதுவான கைபேசியில் காத்திருப்பு போதாமல் பிழை திரும்பும்.

திருத்துவதற்கு முன்பே தோல்வியுறும் தானியங்கிச் சோதனை ஒன்றை எழுதிவிடுங்கள். திருத்தியபின் அது வெற்றி பெற வேண்டும். ஃப்ளட்டரின் விட்ஜெட் சோதனையில் நிலை மாறியபின் பம்ப் என்று அழைக்காவிட்டால் புதிய சட்டகம் வரையப்படாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இல்லாத பிழையைச் சோதனை காட்டிவிடும். எடைப்பதிவுச் செயலிக்கு நான் கட்டாயம் சேர்க்கச் சொல்லும் சோதனைகள் இவை: அடுத்தடுத்து ஒரே எடையுள்ள இரண்டு மூட்டைகள், பதிவான எடையைத் திருத்துதல், சேமித்துக்கொண்டிருக்கும்போதே திரையைத் திருப்புதல், பறிப்பவரை மாற்றியவுடன் மொத்தத்தைப் பார்த்தல், பொத்தானை வேகமாக இரண்டு முறை அழுத்துதல். கடைசியாகச் சொன்னதற்கு, ஒரு நிறுவைக்கு ஒரு அடையாள எண் என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே தனித்துவக் கட்டுப்பாடாக இட்டுவிட்டால், திரை எவ்வளவு தாமதித்தாலும் அதே மூட்டை இரண்டாம் முறை ஏறாது.